தட்டைக்கால் பூரான்

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். விரிவுரையாளருக்கு ஒரு படி கீழே உள்ள வேலை. பாடம் எடுப்பது மற்றவர்கள். தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டுவது நான். சாக்கோட்டைப் பக்கம் வயலை நம்பியிருந்த எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான் என்பதால், சம்பளம் குறைவு என்று யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு மட்டும் அப்பா, "காலேஜுல வாத்தியாரம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

துறையில் மியூசியம் என்று ஓர் அறை இருந்தது. கண்ணாடி அலமாரிகள், அவற்றுக்குள் வரிசையாகப் பாட்டில்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் துறைத்தலைவர் அலமாரிகளைப் பங்கு போட்டுக் கொடுத்தார். பாம்பும் ஆமையும் மூத்தவர்களுக்குப் போயின. சிப்பியும் நட்சத்திர மீனும் அடுத்தவர்களுக்கு. கடைசியில் மிஞ்சிய பூரான் அலமாரிக்கு நான்.

"பாட்டிலைத் தொடச்சு, ஸ்பிரிட்டை மாத்தி, பேரைச் சரிபாத்து ஒட்டிரும்மா. அவ்வளவுதான்" என்றார். அவர் மதுரைக்காரர். ஒல்லியான மனிதர். ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார். யாராவது சொன்னாலும் கேட்கமாட்டார்.

எங்களுக்கு முன்னால் அந்தத் துறையில் இருந்த யாரோ ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பூரான் பிடித்திருக்கிறார். ஒவ்வொன்றின் இடுப்பிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டு: கண்டனூர், திருக்கோஷ்டியூர், சாக்கோட்டை. பென்சிலால் எழுதியது, அதனால் அழியவில்லை. ஸ்பிரிட்தான் பல பாட்டில்களில் பாதிக்குக் கீழே போயிருந்தது. அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. பூரானை ஊறவைக்கும் ஸ்பிரிட்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். வந்து சேர்ந்த டின்னைத் துறைத்தலைவர் தன் அறையில் பூட்டி வைத்துக்கொண்டு, பாலுக்கு உறை ஊற்றுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். ஒரு பாட்டிலை நிரப்பிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் பூரான்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவசரமாக முடித்திருந்தால் பார்த்திருக்கமாட்டேன்.

ஊரில் பூரானைக் கண்டவர்கள் முதலில் தேடுவது செருப்பை. அதை நிதானமாகப் பார்த்தவர்கள் அபூர்வம். நானும் அதுவரை பார்த்ததில்லை. எனாமல் தட்டில் கிடத்தி லென்ஸை நெருக்கினால் அது வேறொரு பொருளாகத் தெரியும். தலையிலிருந்து மணி கோத்ததுபோல் இரண்டு உணர்கொம்புகள். அடியில் உள்ள சில மணிகள் வழவழவென்று இருக்கும், அதற்கு மேல் பூனைமயிர் தொடங்கும். எத்தனையாவது மணியில் தொடங்குகிறது என்று எண்ண வேண்டும். முதுகில் ஓட்டுக்கு ஓடு இரண்டு கோடுகள் ஓடும். அவை எந்த ஓட்டில் ஆரம்பிக்கின்றன என்று பார்க்க வேண்டும். கடைசி ஜோடிக் கால் நடப்பதற்கானது அல்ல. பின்னால் வால்போல நீட்டிக்கொண்டு, மற்றக் கால்களைவிடத் தடித்து, தொடையில் முள் முள்ளாக இருக்கும். அந்த முள்ளின் வரிசை மிக முக்கியம். துறையில் பழைய புத்தகம் ஒன்று இருந்தது. இப்படி இருந்தால் இந்தப் பக்கம் போ, அப்படி இருந்தால் அந்தப் பக்கம் போ என்று வழி சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பெயரில் கொண்டுவிடும். எங்கள் அலமாரியில் இருந்த பெரிய பூரான்கள் எல்லாம் ஒரே பெயருக்குப் போய்ச் சேர்ந்தன. லத்தீனில் அதற்குக் 'கடிக்கிறது' என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க லத்தீன் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகல், கண்டனூர்ச் சீட்டுக் கட்டிய இரண்டு பூரான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்றின் கடைசிக் கால் உருண்டையாக, பச்சை மிளகாய்க் காம்புபோல் இருந்தது. இன்னொன்றின் கடைசிக் கால் மேல்பக்கம் தட்டையாக, இரண்டு ஓரத்திலும் வரப்பு எடுத்ததுபோல் மேடாக இருந்தது. ஸ்பிரிட்டில் ஊறிக் கோணிப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதுவும் தட்டை. இன்னொன்று உருண்டை. மாலை மணியடிக்கும்போது எல்லாவற்றையும் இரண்டு தட்டுகளாகப் பிரித்திருந்தேன். எதுவுமே நடுவில் நிற்கவில்லை. ஒன்று தட்டை, இல்லையென்றால் உருண்டை. மற்ற எல்லாம் ஒரே மாதிரி. எங்கள் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

துறைத்தலைவரிடம் இரண்டு தட்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாரும் சொல்லலையா?"

"நம்ம புத்தகத்துல இல்ல சார்."

"அப்ப புது ஜாதி" என்றார். குரல் தணிந்துவிட்டது. "நீ யார்கிட்டயும் இதைச் சொல்லாதம்மா."

மறுநாள் அவரே முதல்வரிடம் சொல்லிவிட்டார். அதற்கடுத்த நாள் வரலாறு, பொருளாதாரம் எல்லாத் துறைக்காரர்களும் என்னைப் பார்த்தால், "என்ன, பூரானுக்குப் பேரு வச்சாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் மிதப்பாகத்தான் இருந்தது. தனியாக இருக்கும்போது லத்தீன் மாதிரி முடிகிற பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நான் தங்கியிருந்தது ஓர் ஆச்சியின் பெரிய வீட்டில், முற்றத்தைத் தாண்டிய இரண்டாம் கட்டில் ஓர் அறை. என்னோடு கணிதத் துறையில் வேலை பார்த்த தோழி ஒருத்தியும் இருந்தாள். சிவகங்கைக்காரி. பூரான் என்றால் கட்டிலில் ஏறி நிற்பாள். ஆச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பிள்ளைகள் மலேயாவில். தோழிதான் ஆச்சியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, பூரானுக்குப் பேரு வைக்கப் போறியாமே?"

"ஆமா ஆச்சி. புது ஜாதின்னு தோணுது. செட்டிநாட்டுப் பேரையே வைக்கலாம்னு இருக்கேன்."

"எங்க ஊருப் பேரையா?" ஆச்சிக்கு முகம் மாறிவிட்டது. "மயிலு குயிலுன்னு ஒண்ணும் கெடைக்கலையா ஒனக்கு? நாளைக்கி வெளியூருல, நீக அந்தப் பூரான் ஊரான்னு நாலு பேரு கேப்பாக. வேணாத்தா. ஒன் பேரையே வச்சுக்க."

ஆடியில் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன். அங்குள்ள மியூசியத்தில் பூரான்கள் இருக்கின்றன என்றும் பார்க்கலாம் என்றும் பதில் வந்திருந்தது. அப்பா வெளியே ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஓர் அதிகாரி எனக்கு மேசையும் லென்ஸும் கொடுத்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பர்மா, இலங்கை, மலபார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவை. எல்லாவற்றிலும் தட்டைக்காலும் உருண்டைக்காலும் ஒரே பாட்டிலில், ஒரே பெயரோடு கலந்து கிடந்தன. காட்டினேன். அவருக்கு அன்றைக்கு வேறு ஏதோ வேலை. "ஒரு ஜாதிக்குள்ளயே இப்படி வித்தியாசம் இருக்கும்மா. அதையெல்லாம் பெரிசா எடுத்துக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை பெரிய மியூசியத்திலும் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த சேதி. திரும்பும்போது ரயிலில் அப்பா, "போன காரியம் என்னாச்சு?" என்று கேட்டார். "நல்லபடியா முடிஞ்சதுப்பா" என்றேன்.

புது ஜாதி என்று எழுதுவதற்குச் செத்தவை மட்டும் போதாது, உயிரோடும் பார்த்து நிறத்தை எழுத வேண்டும் என்றார் துறைத்தலைவர். ஸ்பிரிட்டில் எல்லாமே வெளுத்துப் போய்விடும். அந்த நேரம் கண்டனூரில் ஆச்சி வீட்டுப் பங்காளிகளின் பெரிய வீட்டை ஆவணிக் கல்யாணத்துக்காகத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடியில் உடைந்த ஓடும் பழைய பானையும் கல்லும் குவிந்து கிடக்கும், அங்கே நான் கேட்டது நிச்சயம் இருக்கும் என்று ஆச்சியே அழைத்துப்போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆச்சி வேலையாட்களிடம், "பூரானக் கண்டா அடிச்சிராதீக. இந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க. அது படிச்ச படிப்பு அப்படி" என்று சொல்லி வைத்தார். அவர்கள் சிரித்தார்கள். ஆனால் கூப்பிட்டார்கள்.

ஒரு பலகைக் கல்லைப் புரட்டியபோது அதைப் பார்த்தேன். ஈரமண்ணில் சின்னக் குழி. அதற்குள் ஒரு பூரான் வளையமாகச் சுருண்டு, கால்களையெல்லாம் உள்பக்கம் மடக்கி, மஞ்சள் முட்டைக் கொத்து ஒன்றை அணைத்துக்கொண்டு கிடந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. முட்டைகளை இன்னும் இறுக்கிக்கொண்டது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "கொடுக்கு வச்சிருக்கதெல்லாம் கொழந்தைய இப்புடி வச்சிருக்கே" என்றாள் ஒருத்தி. மண்ணோடு அள்ளிப் பாட்டிலில் வைத்தேன். கடைசிக் கால் உருண்டை.

அன்று இன்னும் சில கிடைத்தன. முட்டை மேல் கிடந்தவை எல்லாம் உருண்டைக்கால். தட்டைக்கால்கள் தனியாகத் திரிந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் காரைக்குடி வருவதற்குள் முதல் பூரான் தன் முட்டைகளையே தின்றுவிட்டிருந்தது. கலவரப்பட்டால் அப்படிச் செய்யும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாது. பாட்டிலைப் பார்க்கவே மனம் வரவில்லை.

அறையில் தோழி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பாட்டில்களைத் தூரமாக, வாசல் பக்கம் வைக்கச் சொன்னாள். நடந்ததைச் சொன்னேன்.

"சரி, ஒன் உருண்டைக்காலி முட்டை மேல கெடக்கா. தட்டைக்காலி எங்க முட்டை வைக்கிறா?"

"இன்னும் கண்ணுல படல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அது தட்டைக்காலி இல்லடி. தட்டைக்காலனா இருக்கும்." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

நான் சிரிக்கவில்லை. பூரானுக்கு வெளியிலிருந்து பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. சேவலுக்குக் கொண்டை மாதிரி அதற்கு ஒன்றும் இல்லை. அப்படித்தான் நான் படித்திருந்தேன், அப்படித்தான் மாணவர்களுக்கும் சொல்லியிருந்தேன். கொண்டை இருந்து, அது கடைசிக் காலில் இருந்தால்? சாப்பிடப் போட்டு வைத்த சாதம் ஆறிக்கொண்டிருந்தது. தோழி என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாள்.

மறுநாள் மெழுகுத் தட்டில் பின் குத்தி முதல் தட்டைக்காலை அறுத்தேன். கை பழகிய வேலைதான். ஆனால் அன்றைக்குக் கத்தரிக்கோல் கனமாக இருந்தது. குடலை ஒதுக்கினால் அதற்கு மேலே வெள்ளை வெள்ளையாக, தக்களிபோல நடு பருத்து இரண்டு முனையும் கூர்த்த சிறு உறுப்புகள், ஜோடி ஜோடியாக ஒரு குழாயில் தொங்கின. விந்தகங்கள். அடுத்ததிலும் அதுதான். உருண்டைக்காலைத் திறந்தால் ஒரே நீளக் குழாய், உள்ளே மஞ்சள் மணிகள். புதிதாகப் பிடித்த பெரியவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட மாறவில்லை. இரண்டு ஜாதி இல்லை. கணவனும் மனைவியும்.

சோகம் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கையைத் தூக்கி, முகம் திரும்பியதும் வேறு யாரோ என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கருவிகளைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுத் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். அவர் மேசையில் கட்டுரையின் டைப் அடித்த பிரதி இருந்தது. தலைப்பில் 'புதிய' என்ற சொல் பெரிய எழுத்தில்.

சொல்லி முடித்ததும் அவர் அந்தப் பிரதியைக் கவிழ்த்து வைத்தார்.

"எத்தனை அறுத்த?"

சொன்னேன்.

"பத்தாது. நான் பாக்குறேன்" என்றார்.

அவர் டிசெக்ஷன் செய்து நான் பார்த்ததில்லை. வருடக்கணக்கில் அந்தப் பக்கமே போகாதவர். மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு லென்ஸின் முன் உட்கார்ந்தார். கண்டனூரில் பிடித்ததில் நான் தொடாமல் விட்டிருந்த சின்னப் பூரான்களையும் எடுத்துக்கொண்டார்.  ஒருநாள் நான் வகுப்பில் இருந்தபோது ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"வா. பாரு."

தட்டில் நடுத்தர அளவில் ஒரு பூரான். உள்ளே தக்களி வடிவில் அந்த உறுப்புகள்.

"இது என்ன?"

"ஆண் சார்."

"காலைப் பாரு."

உருண்டை. சந்தேகமில்லாத உருண்டை.

"ஒன் கணக்கு இடிக்குதே" என்றார். எகத்தாளம் இல்லை, ஆனால் முகத்தில் தெளிச்சி இருந்தது. "உருண்டைக்கால்லயும் ஆம்பளை இருக்கு. அப்ப ரெண்டும் ஒண்ணு எப்படி ஆகும்?"

 "ஆனா தட்டைக்கால்ல பொம்பளையே இல்லையே சார்" என்று மட்டும் சொன்னேன்.

"அது இன்னும் கெடைக்கல. கெடைக்கும்."

அப்படியே நின்றுவிட்டது. அவர் பக்கம் பாதி, என் பக்கம் பாதி. டைப் அடித்த கட்டுரையை அவர் அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மற்றத் துறைக்காரர்கள் கேட்டால் இரண்டு பேருமே, "பாத்துக்கிட்டிருக்கோம்" என்று சொன்னோம்.

ஐப்பசி மழையில் வகுப்புகள் குறைந்தன. நான் பழைய பாட்டில்களையும் புதியவற்றையும் சேர்த்து எல்லாப் பூரான்களையும் மேசையில் நீளத்தின்படி அடுக்கினேன். சின்னதிலிருந்து பெரியது வரை நீண்ட வரிசை. தட்டைக்கால் எல்லாம் ஒரு பக்கமாகவே, பெரியவை இருந்த பக்கமாகவே நின்றன. சின்னவற்றில் தட்டை என்று ஒன்றுகூட இல்லை. சின்னப் பையனுக்கு மீசை முளைக்காததுபோல. பெரியவனாகும்போது கால் தட்டையாகிறதோ?

துறைத்தலைவரிடம் வரிசையைக் காட்டினேன். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்து பார்த்தார்.

"சந்தேகம் வேற, நிரூபணம் வேற. உயிரோட ஒண்ண வச்சுக் காட்டு. உருண்டைக்கால் தட்டைக்காலா மாறுறத நான் கண்ணால பாக்கணும்."

நியாயமான பேச்சு. பாம்புபோலப் பூரானும் சட்டை உரித்துத்தான் வளரும். உரிக்கும்போது மாற வேண்டும். ஆண் எது என்று வெளியிலிருந்து தெரியாதே, அதனால் ஒன்றிரண்டு போதாது. மார்கழிக்குள் கிடைத்த சின்னப் பூரான்களை எல்லாம் தனித்தனிப் பாட்டிலில், ஈரமண்ணும் ஓட்டுத் துண்டும் போட்டு, துணியால் வாய் கட்டி வளர்த்தேன். கரப்பான் பூச்சி தீனி. அதற்கும் வகுப்பு டிசெக்ஷனுக்கும் போட்டி வரும். சில செத்தன. சில சட்டை உரித்தும் உருண்டைக்காலாகவே இருந்தன. அவை பெண்ணாக இருக்கலாம், அல்லது இன்னும் வயது வராத ஆணாக இருக்கலாம். ஒன்று தப்பித்து ஆய்வகத்தில் எங்கோ போய்விட்டது. ஒரு வாரம் மாணவர்கள் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டே வகுப்பில் இருந்தார்கள்.

தை மாதம் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டாள். கல்லூரியில் விடைபெறும்போது ஆய்வகத்துப் பாட்டில்கள் பக்கம் கையைக் காட்டி, "ஆம்பளையா பொம்பளையான்னு தெரிஞ்சா ஒரு கார்டு போடு" என்றாள். அறை பெரிதாகிப் போனதுபோல் இருந்தது.

கோடை விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டினார்கள். அப்போது மூன்று பாட்டில்கள்தான் மிச்சம். அவற்றை ஆச்சி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆச்சி வாசலிலேயே மறித்தார்.

"உசுரோடயா?"

"ஆமா ஆச்சி. வாய் கட்டியிருக்கேன். வெளிய வராது."

"வீட்டு வளவுக்குள்ள கொண்டாராத. அங்குட்டு மாட்டுக் கொட்டகையில வச்சுக்க. மாடுதான் இல்லையே." சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "இத வச்சுக்கிட்டா ஊருக்குப் போகாம இருக்கே?"

அப்பாவும் அதையே கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். வேலை இருக்கிறது என்று பதில் எழுதினேன். என்ன வேலை என்று எழுதவில்லை. சித்திரை வெயிலில் மண் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது, கரப்பான் பிடிப்பது, பார்ப்பது. அதுதான் வேலை. மத்தியானங்களில் ஆச்சி வெற்றிலைத் தட்டோடு கொட்டகை வாசலில் வந்து உட்காருவார். "தின்னுச்சா?" என்பார். தின்றது என்றால் சரி என்று தலையாட்டுவார். தின்னவில்லை என்றால் அவருக்கு நிலைகொள்ளாது. ஒரு பூரான் சில நாட்களாக எதையும் தொடவில்லை. ஓட்டுக்கு அடியில் அசையாமல் கிடந்தது.

ஒரு நாள் காலை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கமிருந்து ஆச்சியின் சத்தம்.

"ஆத்தா, ஓடியா! ஒம் பூரானு ரெண்டாக் கெடக்கு! செத்துப்போச்சு போல!"

ஈரக்கையோடு ஓடினேன். பாட்டிலுக்குள் இரண்டு பூரான்கள். ஒன்று வெளிறிய காகிதம்போல, சுருங்கி, காலெல்லாம் பின்னால் வாரிவிட்டதுபோல் கிடந்தது. சட்டை. இன்னொன்று அதன் பக்கத்தில், நிறம் இன்னும் ஏறாமல், இளசாக, மெல்ல மூச்சு வாங்குவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. விட்டால் சட்டையைத் தின்றுவிடும். சாமணத்தால் முதலில் அதை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து லென்ஸை வைத்தேன். சட்டையின் கடைசிக் கால் உருண்டை. பாட்டிலுக்குள் பார்த்தேன். பூரானின் கடைசிக் கால் மேலே தட்டை. இரண்டு ஓரத்திலும் மெல்லிய வரப்பு, கோலப்பொடியில் இழுத்த கோடுபோல.

"சாகலையா?" என்றார் ஆச்சி.

"இல்ல ஆச்சி. பெரியவனாயிருச்சு."

"அட" என்று ஆச்சி குனிந்து பார்த்தார். அதுவரை அவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை.

துறைத்தலைவர் வீடு கழனிவாசல் பக்கம். வெயிலில் பாட்டிலையும், சட்டையை வைத்த கண்ணாடிக் கிண்ணத்தையும் துணிப்பையில் வைத்து ரிக்‌ஷாவில் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி பையில் என்ன என்று கேட்டுவிட்டு, உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் வேட்டி பனியனோடு தெருவுக்கே வந்தார். வேப்ப நிழலைத் தாண்டி வெயில் விழுந்த இடத்தில் நின்று, முதலில் சட்டையைப் பார்த்தார். பிறகு பூரானை. மறுபடி சட்டையை. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இது ஒரே பாட்டில்லதான் இருந்துச்சா?"

"ஆமா சார். ஒரே ஒண்ணுதான் போட்டு வச்சிருந்தேன்."

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு பேரும் பாதிப் பாதிதான் பாத்திருக்கோம்" என்றார். பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மனைவியைக் கூப்பிட்டு வாசலிலேயே மோர் வாங்கிக் கொடுத்தார். கல்லூரி திறந்த அன்று அவரே முதல்வர் அறைக்குப் போய், புது ஜாதி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். என்னை உடன் அழைத்துப் போகவில்லை. வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர் ஆசிரியர் அறையில், "அப்ப பேரு வைக்கலையா?" என்று கேட்டபோது, "ஏற்கெனவே பேரு இருக்கு சார்" என்று அவரே பதில் சொன்னார். என்னை யாரும் கேலி செய்யவிடவில்லை.

சென்னை மியூசியத்து அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இந்த முறை அவர் பொறுமையாகப் படித்திருக்க வேண்டும். வளர்ந்த ஆணுக்குத்தான் கால் தட்டை என்று ஜெர்மன் மொழியில் பழைய புத்தகம் ஒன்றில் இருக்கிறது, நான் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்குத் தோன்றவில்லை என்று பதில் எழுதினார். ஆக, நாங்கள் ஒரு வருடம் பட்ட பாட்டை ஒரு ஜெர்மானியர் எங்களுக்கு வெகுகாலம் முன்பே ஒரு வரியில் முடித்திருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் பார்த்தது சரி என்று, முகம் தெரியாத ஒருவர் தூரத்திலிருந்து தலையசைத்ததுபோல்தான் இருந்தது. சட்டையையும் பூரானையும் பக்கத்தில் வைத்து வரைந்த படம் அவருக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் சிறு குறிப்பாக எழுதி அனுப்புங்கள் என்றார்.

எழுதினோம். துறைத்தலைவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அந்தக் காலத்து வழக்கம் அது. எனக்கு அப்போது மனத்தாங்கல் இல்லை. அந்த உருண்டைக்கால் ஆணை அவர் அறுத்துக் காட்டாமல் இருந்திருந்தால் நான் பாதியிலேயே நின்றிருப்பேன். குறிப்பு எங்கெங்கோ சுற்றி எழுபதுகளின் தொடக்கத்தில்தான் அச்சில் வந்தது. ஒன்றரைப் பக்கம். தோழிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவளுக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. "படம் புரிந்தது, பாக்கி புரியவில்லை" என்று கார்டு போட்டாள்.

பல்கலைக்கழகக் குழு ஒருவழியாக வந்தபோது மியூசியத்தில் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆமை ஓட்டைத் தட்டிப் பார்த்தார்கள். பூரான் அலமாரியில் ஆண், பெண், இளசு என்று நான் பிரித்து அடுக்கி வைத்திருந்த பாட்டில்களுக்கு முன் ஒருவர் மட்டும் நின்று, "இவ்வளவு பூரான் எதுக்கும்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துறைத்தலைவர் முன்னால் வந்தார். அந்த வரிசையை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் காட்டி, எது எப்படி எதுவாகிறது என்று அவர் விளக்க ஆரம்பித்தார். குழுவில் மற்றவர்கள் கதவருகே போய்விட்டார்கள். கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்தார், இருந்தாலும் மரியாதைக்காக நின்றார். எதையும் இரண்டாம் முறை சொல்லாத அந்த மனிதர், தட்டைக்காலைப் பற்றி மட்டும் இன்னொரு தடவை சொன்னார்.